அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பூஜ்யம்: பலன் தெரியாத ஊழியத்தைக் கர்த்தரிடம் விடுவது விசுவாசமா, சாக்குப்போக்கா?

மலைப்பணியாளன் (இழையைத் தொடங்கியவர்)

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதுவரை வாசிக்கிறவனாக மட்டுமே இங்கே இருந்தேன். ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் இன்று எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன். ஒன்பது ஆண்டுகளாக ஜார்க்கண்டில் சாந்தால் மக்கள் வாழும் மலைப்பகுதி ஒன்றில் மனைவி பிள்ளைகளோடு தங்கி ஊழியம் செய்து வருகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கங்களில் ஊழியம் செய்கிறவர்களுக்குக் காரணம் புரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணித்தள அறிக்கை அனுப்ப வேண்டும். படிவத்தில் ஆறு கட்டங்கள் உண்டு: சென்ற கிராமங்கள், சந்தித்த வீடுகள், இரவுப் பள்ளிப் பிள்ளைகள், ஜெபக்குழுக்கள், புதிய விசுவாசிகள், ஞானஸ்நானம். முதல் மூன்றையும் நிரப்புவதில் எனக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. கடைசி இரண்டு கட்டங்களில் இதுவரை அனுப்பிய 36 அறிக்கைகளிலும் பூஜ்யம்தான் எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, எங்களைத் தாங்குகிற சபை ஒன்றின் மிஷனரி ஞாயிறில் பேசச் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் மிகுந்த அன்போடுதான் கேட்டார்: "தம்பி, மாதாமாதம் அனுப்புகிறோம், எத்தனை ஆத்துமா?" ஒருவரும் இல்லை ஐயா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தேநீரை என்னிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இரவுப் பள்ளிக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் வந்தான். இந்தியும், ஒல் சிக்கி எழுத்தில் சாந்தாலியும் எங்கள் திண்ணையில்தான் படித்தான். லூக்கா சுவிசேஷத்தை அவனாகவே எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தான். பதினான்காம் வயதில் அறுவடை முடிந்த கையோடு மாமனோடு செங்கல் சூளைக்குப் போனவன், மூன்று ஆண்டுகளாகத் திரும்பவில்லை. அவனுடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஆயிரம் செங்கல்லுக்கு என்ன கூலி, ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்று போட்ட கணக்கும், அந்தக் கணக்கில் என் மனைவி சிவப்பு மையால் செய்த திருத்தமும் இருக்கின்றன. நாங்கள் கொடுத்த புதிய ஏற்பாட்டை அவன் கொண்டுபோனானா, கூரை இடுக்கில் செருகிவிட்டுப் போனானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

"பலனைக் கர்த்தரிடம் விட்டுவிட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சமீப காலமாக அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே உறுத்துகிறது. அது விசுவாசத்திலிருந்து வருகிறதா, கேள்வி கேட்பவர் வாயை அடைப்பதற்காக வருகிறதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆறுதல் சொல்லும் வரம் எனக்குக் குறைவு, ஆகவே உங்கள் சொந்தச் சீமையின் கதையையே ஆண்டுக் கணக்கோடு எடுத்து வைக்கிறேன்.

பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேடு 1780-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இருந்தவை 40 பெயர்கள். அவற்றுள் முதன்மையானது குளோரிந்தாளுடையது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவையான அவருக்கு 1778-ல் ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அந்த அம்மாளின் முயற்சியால் 1785-ல் எழுந்த கோவிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் நம் ஊர்க்காரர்கள் சொல்லுகிறார்கள். சுவார்ட்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 1750-ல் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 30 ஆண்டு ஊழியத்துக்குப் பிறகு, திருநெல்வேலிச் சீமையைப் பொறுத்தவரை அவர் காட்டக்கூடியதாக இருந்தது 40 பெயர்கள் கொண்ட ஒரு தாள்.

இப்போது ஜேனிக்கே ஐயர் என்ற இன்னொரு மிஷனரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவார்ட்ஸ் அனுப்ப 1791-ல் அவர் திருநெல்வேலிக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே மலைக்காய்ச்சல் பிடித்தது. அதற்குப் பிறகு தஞ்சைக்குத் திரும்புவதும், உடம்பு சற்றுத் தேறியதும் மறுபடி தெற்கே வருவதும், மறுபடி படுப்பதுமாகவே அவருடைய நாட்கள் போயின. இந்தச் சீமையில் பிற்காலத்தில் கிறிஸ்தவம் பரவும் என்று தாம் நம்புவதாக எழுதி வைத்தவர் அவர்தான். 1800-ல் தஞ்சாவூரில் இறந்தார். அந்த ஆண்டில் கோடு போட்டு அவருடைய கணக்கைக் கூட்டினால், காய்ச்சலில் வீணான ஒன்பது ஆண்டுகள் என்றுதான் எந்த அலுவலகமும் எழுதும். உங்களுடையதும் ஒன்பதுதான், கவனித்தீர்களா?

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1802-ல், கெரிக்கே ஐயர் இந்தப் பக்கம் பயணம் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர் போன பிறகு சத்தியநாதன் ஐயரின் கையால் பெற்றவர்கள் இன்னும் அதிகம். தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் உருவாக்கிய முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் 1799-லேயே எழுந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் கோடு போட்டால் இது மாபெரும் வெற்றி.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1806-க்குப் பிறகு பல ஆண்டுகள் இங்கே நிலையாகத் தங்கிப் பார்க்க மிஷனரி இல்லை. 1811-ஐ ஒட்டி வந்த கொள்ளைநோயில் பலர் பயந்துபோய்ப் பழைய வழிபாட்டுக்கே திரும்பினார்கள். 1816-ல் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து பார்த்தபோது எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். இந்த ஆண்டில் கூட்டினால், பெருகியதெல்லாம் கரைந்த கதை. 1820-ல் ரேனியஸ் ஐயர் வந்து 1838-ல் இறப்பதற்குள் கணக்கு மறுபடி தலைகீழாக மாறிவிட்டது.

எந்த ஆண்டில் கோடு போடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே என்னுடைய கேள்வி. காலாண்டு என்பது மார்ச் 31-ல் முடிகிறது என்று ஏற்பாடு செய்தவர்கள் கணக்காளர்கள்.

கணக்கர்

ஐயா அவர்களுடைய பதிவு சிறப்பானது. ஆயினும் கணக்காளர்களைக் குத்தியிருப்பதால் கணக்காளனாகவே பதில் எழுதுகிறேன். ஒரு மிஷனரி ஸ்தாபனத்தின் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் காணிக்கைக் கணக்கு எழுதுகிறேன். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பீடி சுற்றுகிற தாய்மார் வாரக் கூலியிலிருந்து எடுத்து வைக்கிற பத்து ரூபாயும் இருபது ரூபாயும் என் கை வழியாகத்தான் போகின்றன. அந்தக் காசுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

எண்ணுவதே அவிசுவாசம் என்பதுபோல் சிலர் தாவீது ராஜா ஜனத்தொகை எடுத்துத் தண்டனை பெற்ற கதையைச் சொல்லுவார்கள். வனாந்தரத்தில் ஜனங்களைத் தொகையிடச் சொன்னவரும் கர்த்தர்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெந்தெகொஸ்தே நாளில் சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் என்று லூக்கா எழுதுகிறார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நிற்கும்போதே சீஷர்கள் வலையைக் குடைந்து 153 மீன் என்று எண்ணியிருக்கிறார்கள்! நம் ஐயா இன்று 40 பெயர் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அன்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பதிவேட்டில் எழுதியதனால்தான்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்க வேண்டும். "பலன் கர்த்தருடையது" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மொழியைச் சரியாகக் கற்காமல், மக்களோடு உட்காராமல், ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கனியில்லாத அத்திமரத்தின் உவமையில் தோட்டக்காரன் "இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். முறையை மாற்ற வேண்டுமா, இடத்தை மாற்ற வேண்டுமா, வேறொருவர் வந்து பார்க்க வேண்டுமா என்று யோசிப்பதும் விசுவாசத்தின் வேலைதான். மலைப்பணியாளன் தம்பி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதியதிலிருந்தே அவர் சாந்தாலி பேசுகிறவர் என்று தெரிகிறது. பொதுவாகச் சொல்லுகிறேன்.

மலைப்பணியாளன்

கணக்கர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, எனக்கு வருத்தமில்லை. மொழியைப் பற்றி: முதல் இரண்டு ஆண்டுகள் இந்தியை வைத்தே ஓட்டினேன். அது தவறு என்று ஒரு பாட்டிதான் எனக்கு உணர்த்தினார்கள். அவர்கள் சால் இலையில் தட்டுத் தைத்துக்கொண்டே, "நீ சர்க்கார் கச்சேரிக்காரன் பேசுகிற பாஷையில் பேசுகிறாய்" என்றார்கள். அன்று முதல் அவர்களிடமே சாந்தாலி கற்றேன்.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்க்கிறேன். ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மதமாற்றச் சடங்கு நடத்துவதற்கு மாவட்ட நிர்வாகத்திடம் முன்னனுமதி பெற வேண்டும். ஒருவர் ஆண்டவரை உள்ளத்தில் ஏற்றுக்கொண்டாலும், அவர் பெயரையும் படத்தையும் அறிக்கையில் போட்டு அனுப்பி, அது வாட்ஸாப்பில் சுற்றினால் சிக்கலில் மாட்டுகிறவர் அவர்தான். ஆகவே உண்மையாகவே தெரியாத பலன் ஒரு பக்கம், தெரிந்தாலும் சொல்லக் கூடாத பலன் இன்னொரு பக்கம். என்னுடையது முதல் வகை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுபள்ளி அக்கா

தம்பிக்கு ஒரு சாட்சி சொல்ல விரும்புகிறேன். எங்கள் சேகரத்தில் 26 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியிலும் மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் (வி.பி.எஸ்) கற்பிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வருவான். மனப்பாட வசனம் ஒன்றுகூடச் சொல்ல மாட்டான், பாட்டுப் பாடும்போது பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் சாக்பீஸ் தூளைத் தடவுவான். பத்து நாள் முடிவில் பரிசு கொடுக்கும்போது, இந்தப் பிள்ளைக்கு நான் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை என்று மனம் கசந்து, மீந்து கிடந்த ஒரு வண்ணப் பென்சில் பெட்டியை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பேருந்து நிலையத்தில் ஒரு வாலிபர் என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு, "டீச்சர், பென்சில் பெட்டி ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். இன்று அவரும் வட மாநிலம் ஒன்றில் ஊழியத்தில் இருக்கிறார். "உன் ஆகாரத்தைத் தண்ணீர்கள்மேல் போடு, அநேக நாட்களுக்குப் பின்பு அதின் பலனைக் காண்பாய்" என்ற வசனத்தை அன்றைக்குத்தான் நான் விளங்கிக்கொண்டேன். தம்பி, செங்கல் சூளைக்குப் போன உங்கள் பையனும் ஒரு நாள் இப்படி வந்து நிற்பான். சோர்ந்துபோகாதிருங்கள்.

எரேமியா வாசகன்

அக்காவின் சாட்சிக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதை வாசிக்கையில் எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் இந்த இழையில் இதுவரை வந்த ஆறுதல்கள் அனைத்திலும் ஒரு பொதுவான குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் சொல்லுகிற எல்லாக் கதைகளும் பலன் தெரிந்த இடத்தில்தான் முடிகின்றன. பையன் பேருந்து நிலையத்தில் திரும்பி வருகிறான். ஜேனிக்கே இறந்து இரண்டே ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அதாவது, "பலனைக் காணாமல் நம்பு" என்று சொல்லிவிட்டு, உடனே பலனைக் காட்டி அந்த நம்பிக்கையை நியாயப்படுத்திவிடுகிறோம். கணக்கர் கேட்கிற அதே கணக்கைத்தான் நாமும் கேட்கிறோம், தவணையை மட்டும் நீட்டிக் கொடுக்கிறோம். பையன் வராமலே போனால் என்ன செய்வது? பேருந்து நிலையத்தில் யாரும் பையை வாங்கவில்லை என்றால் அக்காவின் 26 ஆண்டுகள் வீணா?

எரேமியா ஏறக்குறைய 40 ஆண்டுகள் தீர்க்கதரிசனம் சொன்னார். அவர் பேச்சைக் கேட்காமல் எருசலேம் எரிந்தது. எஞ்சியவர்கள் அவர் பேச்சைக் கேட்காமலே எகிப்துக்குப் போனார்கள். போகிறபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேயும் பேசினார், "நீ சொன்ன வார்த்தையை நாங்கள் கேட்க மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவருடைய கடைசி நாட்களில் ஒரு பென்சில் பெட்டியும் இல்லை.

ஆனால் முற்றுகையின் நடுவில் அவர் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார், பார்த்தீர்களா? சத்துரு மதிலைச் சுற்றி மண்மேடு போட்டிருக்கும்போது, தாமே காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கும்போது, பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளும் உழவில்லை. அதே அதிகாரத்தில் அவர் ஜெபிக்கும்போது, நகரம் பிடிபடப்போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொல்லுகிறீரே என்று கேட்கவும் செய்கிறார். கொடுக்கல் வாங்கலில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் ஜெபத்தில்தான் வெளிப்பட்டது. மலைப்பணியாளன் சகோதரரின் உறுத்தலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். உறுத்துகிறது என்பதாலேயே அது அவிசுவாசம் ஆகிவிடாது.

தேரிக்காட்டான்

எரேமியா வாசகன் சொன்னது சரிதான். எங்கள் ஊர்ப் பழமொழி ஒன்று இதற்குப் பொருந்துமென்று நினைக்கிறேன். "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். பனங்கொட்டையைத் தேரி என்கிற எங்கள் செம்மணல் மேட்டில் புதைத்தால், முதலில் அது கீழேதான் போகும். மேலே நாம் ஓலையைத் தேடிக்கொண்டிருப்போம், அது கிழங்காக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பாளை விட்டுப் பதநீர் கொடுப்பதற்கு பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். என் பாட்டனார் பனையேறி; அவர் ஏறிய மரங்களில் ஒன்றுகூட அவர் வைத்ததில்லை. அவர் தம் கையால் புதைத்த கொட்டைகளில் முளைத்த மரங்களில் அவர் ஒரு நாளும் ஏறவில்லை.

"விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன்" என்ற வசனத்தை வாசித்ததும் அவர் சிரித்துக்கொண்டு, "இதை எழுதினவர் பனங்காட்டைப் பார்த்திருப்பாரோ" என்பார். யோவான் எங்கே பனங்காட்டைப் பார்த்தார்! ஆனால் ஏணியில்லாமல் அந்த வசனத்தை ஏறிப் பிடித்தவர் என் பாட்டனார்.

ஒரு வேண்டுகோள்: பனை தழைக்கவில்லை என்று சொல்லி அடிக்கடி மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவன் கையில் கிழங்கு உடைந்துதான் வரும். காலாண்டு அறிக்கைப் படிவம் எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

ஆஸ்பத்திரி ஊழியர்

மருத்துவமனையில் படுக்கை படுக்கையாகப் போய் ஜெபிக்கிற வேலை என்னுடையது. எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வருகிறது, ஏனென்றால் காணாமல் போவது என் வேலையின் இயல்பு. நோயாளி மூன்று நாள் இருப்பார், நான்காம் நாள் போனால் விரிப்பு மாற்றியிருக்கும், வேறொருவர் படுத்திருப்பார். குணமாகிப் போனாரா, வேறு எங்கும் கொண்டு போனார்களா என்று செவிலியரிடம் கேட்டால்தான் தெரியும். சில நேரம் அவர்களுக்கும் தெரியாது. ஆரம்பத்தில் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன். நோட்டுகள் பெருகிப்போனதால் இப்போது எழுதுவதில்லை. படுக்கையை விட்டு நகரும்போதே, "ஆண்டவரே, இவர் இனி உம்முடைய வார்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறேன். வேறு வழியும் இல்லை.

கணக்கர்

எரேமியா வாசகன் என்னை நன்றாகவே மாட்டிவிட்டார். தவணையை நீட்டுகிறோம் என்று அவர் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். ஆனாலும் என் நிலையை முழுவதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எரேமியா பத்திரம் எழுதினார், சாட்சி வைத்தார், வெள்ளியைத் தராசில் நிறுத்தார். விளைச்சலைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் கொடுத்த வெள்ளிக்குக் கணக்குச் சரியாக வைத்திருந்தார். நான் கேட்பதும் அதைத்தான். ஊழியர் எங்கே போனார், யாரோடு உட்கார்ந்தார், காணிக்கை எதற்குச் செலவானது, எது தவறாகப் போனது என்பவை அவர் கையில் இருப்பவை. அவற்றுக்கு அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானக் கட்டம் அவர் கையில் இல்லை. படிவத்தில் அந்த இரண்டையும் ஒரே வரிசையில் போட்டது எங்கள் தவறாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். மாற்றுவார்கள் என்று உறுதி கூற முடியாது. ஏனென்றால், வெளிப்படையாகச் சொன்னால், அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பலர் காணிக்கை அனுப்புகிறார்கள்.

அதுவே எனக்குப் பெரிய பயமும்கூட. அந்தக் கட்டத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரே குடும்பத்தை இரண்டு அறிக்கையில் எழுதியவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். 36 முறை பூஜ்யம் எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதைக் காணிக்கைக் கணக்கு எழுதுகிறவனைவிட யார் அறிவார்?

பழைய ஏடு

கணக்கர் அவர்களைக் குத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவர் சொன்னது உண்மை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஓயாமல் எழுதி அனுப்பிய அறிக்கைகளை ஜெர்மனியில் ஹல்லேயில் அச்சிட்டு வந்தார்கள். அவை இல்லாவிட்டால் நமக்கு அந்தக் காலம் இருட்டு. சீகன்பால்க் 36 வயதில், 1719-ல் இறந்தார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன் என்ற வாலிபர் 1733-ல் குருப்பட்டம் பெற்றார்; சீர்திருத்த சபைகளில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் எரேமியா வாசகன் இதற்கும் "பார்த்தீர்களா, மறுபடி பலன்" என்பார். ஆகவே வேறொரு மனிதரைச் சொல்லி முடிக்கிறேன்.

குளோரிந்தாளுக்கு முதன்முதலில் வேதத்தைக் கற்றுக்கொடுத்தவர் மிஷனரி அல்லர். லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. இருவரும் முறையான திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்ததால், அந்த அம்மாள் முதலில் கேட்டபோது சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் பாளையங்கோட்டையில் இறந்த பிறகே அது நடந்தது. அந்த அதிகாரியை யாரும் ஊழியர் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்ப்பது சரியுமல்ல. தாம் ஊழியம் செய்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் படுகிறது. வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலமும் வேதமும் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர், அவ்வளவுதான். பதிவேட்டில் 40 பெயர் இருந்தது என்று பெருமையாக எழுதினேன். அந்த முதல் பெயருக்குப் பின்னால் நின்றவருக்கு அதில் இடமில்லை. இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாற்பது ஆண்டுகளாக யோசிக்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

மலைப்பணியாளன்

எல்லோருக்கும் நன்றி. விடுப்பு முடிந்து மறுபடி மலைக்கு வந்துவிட்டேன். இங்கே சிக்னல் கிடைப்பது அரிது என்பதால் தாமதமாக எழுதுகிறேன்.

ஞாயிறுபள்ளி அக்கா, பையன் திரும்பி வருவான் என்று நீங்கள் சொன்னதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வந்தால் அந்தக் கூலிக் கணக்கை மறுபடி ஒருமுறை போட வைக்க வேண்டும், அன்றைக்கும் தப்பாகத்தான் போட்டிருந்தான் என்றாள். வராவிட்டாலும் நோட்டை எடுத்து வைப்பதாகச் சொன்னாள். எரேமியா வாசகன் அண்ணனின் மண்பாண்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நோட்டை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. கரையான் தொல்லை அதிகம் என்பதால், அரிசி போட்டு வைக்கிற தகர டப்பாவில் வைத்திருக்கிறோம்.

இலுப்பைப் பூ விழுகிற காலம் தொடங்கிவிட்டது. ஊரில் எல்லோரும் விடியற்காலமே கூடையோடு காட்டுக்குப் போய்விடுவதால் பகலில் வீடு சந்திக்கப் போனால் நாய்கள்தான் இருக்கும். நாங்களும் பாட்டியோடு பூப் பொறுக்கப் போகிறோம். அது எந்தக் கட்டத்திலும் வராது. இரவுப் பள்ளிக்கு இப்போது வருவது ஏழு பிள்ளைகள். சூரிய விளக்கின் பேட்டரி போய்விட்டதால் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறோம். புதிய பேட்டரிக்கு அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

37-ஆம் அறிக்கையை அனுப்பி மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். கடைசி இரண்டு கட்டங்களில் எண் விடுபட்டிருக்கிறதா, தட்டச்சுப் பிழையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பிழையில்லை தம்பி, பூஜ்யம்தான் என்றேன். சரி அண்ணா என்று எழுதிக்கொண்டு, பேட்டரிக்கு எத்தனை வோல்ட் என்று கேட்டார்.